கோழிக்கொட்டிலில் ஒரு படச்சாலை

சென்ற மாதம் எங்கள் விடுதியில் நடந்த புகைப்படப் போட்டிக்கு ‘முகம்’ என்பது பொருள். சமையற்காரரை நான் எடுத்த படம் ‘மங்கல்’ என்று திரும்பி வந்தது. அந்த வருத்தத்தில் ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன். நாம் படிக்கும் இந்தக் கல்கத்தாவில் 1815-இல் பிறந்தவர் அவர்.

1863-இல், 48ஆம் வயதில், இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தபோது மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தனர். கோழிக்கொட்டில் படச்சாலையாயிற்று, நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வேதியியல் மாணவனாகிய எனக்கு அந்தக் கறை தெரியும். அம்மையாரின் கைகளும் கறுத்தே இருந்தனவாம்.

உருவம் கூர்மையாகும் வரை லென்சைத் திருப்புவது பிறர் வழக்கம். இவரோ தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்தில் நிறுத்திவிட்டார். சட்டம் நிறைய முகம், பின்னே இருள், பக்கத்திலிருந்து ஒளி. பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாள் ஆனாள். 1867-இல் வானநூல் அறிஞர் ஹெர்ஷலின் நரைமுடி இருளில் சுடர்ந்தது. புகைப்பட இதழ்கள் கண்டித்தன, அம்மையார் மாறவில்லை. 1875-இல் கணவருடன் இலங்கையில் குடியேறி, அங்கும் எளிய மக்களைப் படமெடுத்து, 1879-இல் அங்கேயே மறைந்தார்.

என் படத்தை மீண்டும் பார்த்தேன். அவர் மங்கலைத் தேர்ந்தெடுத்தார். எனக்கோ கை நடுங்கிற்று. நாளைக் காலை சன்னலோரம் இன்னொரு முறை உட்காரச் சமையற்காரர் இசைந்திருக்கிறார்.