கற்பிக்க வந்து கற்றவர்

கடல் கடந்து வரும் வணிகர் சரக்கோடு வருவர். படைவீரர் வாளோடு வருவர். இருவரும் தாம் நாடியதைப் பெறும் வழி அறிவர். ஆனால், பிறருக்கு ஒன்றைக் கற்பிக்க விரும்பி அயல்நாட்டில் வந்து இறங்குபவரின் நிலை வேறு. கேட்பவர் மனமுவந்து வந்தாலன்றி அவர் எண்ணம் நிறைவேறாது. அவர் மொழி இவர்க்குத் தெரியாது; இவர் மொழி அவர்க்கு விளங்காது. இந்நிலையில் கேட்பாரைத் தேடி அலைந்த இளைஞர் ஒருவர், இறுதியில் தாமே மாணவராகித் தமிழுக்குத் தொண்டு செய்தார். அவரே சீகன்பால்கு ஆவார்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனி நாட்டில், சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புல்ஸ்நிட்சு என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தமக்கையின் ஆதரவில் வளர்ந்தார். நலிந்த உடல் அவருடையது. நோயினால் அவருடைய கல்வி பலகால் தடைப்பட்டது. எனினும் கற்கும் வேட்கை தணியவில்லை. ஹாலே நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைத்துத் தொண்டாற்றிய பிராங்கே என்னும் பெரியாரிடம் அவர் பயின்றார். அக்காலத்தில் டென்மார்க்கு நாட்டு அரசர் நான்காம் பிரெடரிக்கு, தம் ஆட்சிக்கு உட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்கும் அவருடைய நண்பர் புளுட்சோவும் அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புறப்பட்ட கப்பல், 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் 1620ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்கு வணிகர் அமைத்த கோட்டை அங்கே கடலை நோக்கி நின்றது. அரசரின் ஆணையோடு வந்த இளைஞர்களைக் கோட்டைத் தலைவர் வரவேற்கவில்லை. சமயப் பணியால் ஊரில் குழப்பம் நேர்ந்து வாணிகம் கெடும் என்பது வணிகக் கழகத்தாரின் அச்சம். நெடுநேரம் காக்க வைக்கப்பட்ட பின்னர், தங்குவதற்கு இடமும் காட்டப்படாமல் இருவரும் கடைத்தெருவில் நின்றனர். இரக்கமுள்ள ஒருவர் இடம் அளித்தமையால் அன்றிரவு அவர்களுக்குத் தலைசாய்க்க வழி பிறந்தது.

தங்க இடம் கிடைத்தது. கேட்க ஆள் கிடைக்கவில்லை. கடற்கரை ஊர்களில் ஐரோப்பியரோடு பழகியவர்கள் போர்த்துகீசிய மொழியைச் சிறிது அறிந்திருந்தனர். ஆதலால் இருவரும் முதலில் அம்மொழியைக் கற்றனர். ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாய் உழைத்தவர்களுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பிக்க இசைவு கிடைத்தது. அவர்களுள் ஐவர் 1707ஆம் ஆண்டு மே திங்களில் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் கோட்டைக்கு வெளியே பரந்து கிடந்த தமிழ்நாட்டு மக்களோ அவரை அணுகவில்லை. அவர்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. புதிய சமயத்தில் சேர்ந்தவரை உற்றார் விலக்கினர். மேலும், அவர்கள் கண்ட ஐரோப்பியருள் பலர் குடித்துத் திரிந்தனர்; ஏழைகளை இழிவாக நடத்தினர். அத்தகையோர் போற்றும் சமயம் எத்தகையதாய் இருக்கும் என்று மக்கள் ஐயுற்றது இயல்பேயாகும். இந்தக் குறையைச் சீகன்பால்கு மறைக்கவில்லை; தம் நாட்டார்க்கு எழுதிய மடல்களில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

மக்களின் உள்ளத்தை அடைய வேண்டுமாயின் அவர்கள் மொழியை அறிதல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். அந்நாளில் ஐரோப்பியர்க்கு ஏற்ற தமிழ் இலக்கணமோ அகராதியோ அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்தது யாது? தமிழாசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்துமாறு வேண்டினார். சிறுபிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை வரைந்தனர். அவர்களிடையே, கல்லூரியில் கற்றுத் தேர்ந்த இளைஞரும் கால்மடக்கி அமர்ந்து அகர முதல் எழுத்துகளை வரைந்து பழகினார். எழுத்தறிவு வந்தது, சொல்லின் பொருள் விளங்கவில்லை. பின்னர், ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துணையானார். ஓராண்டு நிறையுமுன்பே சீகன்பால்கு தமிழில் பேசவும் படிக்கவும் வல்லவரானார்.

அவருடைய உழைப்பு வியப்புக்குரியது. காலையில் எழுந்ததும் முன்னாள் கற்ற சொற்களை நினைவு கூர்வார். பின்பு நண்பகல் வரையில் முதிய புலவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு ஏட்டுச் சுவடிகளைப் படிப்பார். மாலையிலும் படிப்புத் தொடரும். விளக்கொளியில் கண் கூசும். ஆதலின் இரவில் பிறர் படிக்கக் கேட்பார். சுவடிகளைத் தேடி எழுத்தரை ஊர்தோறும் அனுப்பினார். விலைக்குக் கிடைத்தவற்றை வாங்கினார். கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். இவ்வாறு திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் பற்றி 1708ஆம் ஆண்டு அவர் எழுதிய விளக்கப் பட்டியலில் திருக்குறளும் இடம் பெற்றது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அறநெறி அறியாத மக்களிடம் செல்வதாக எண்ணி வந்தவர், அறநூல்கள் மலிந்த நாட்டைக் கண்டார். கண்டதைத் தம் நாட்டார்க்கும் உரைத்தார்.

மொழி கைவந்ததும் வழி திறந்தது. ஞாயிறுதோறும் கோயிலில் தமிழில் சொற்பொழிவாற்றினார். பிற நாள்களில் சிற்றூர்களுக்கு நடந்து சென்றார். மரநிழலிலும், சத்திரத்திலும், கடைத்தெருவிலும் கண்டவரோடு உரையாடினார். சிலர் கேட்டனர், சிலர் நகைத்தனர், சிலர் எதிர்வாதம் புரிந்தனர். தம் சமயமே உண்மைச் சமயம் என்னும் கொள்கையை அவர் என்றும் விட்டாரல்லர். ஆயினும் எதிர்வாதம் புரிந்தவரின் சொற்களையும் குறித்துவைத்தார். தமிழறிஞர் பலரிடம் சமயத்தையும் வாழ்வையும் பற்றிக் கடிதவாயிலாக வினவினார். 1712 முதல் 1714 வரை அவர்கள் எழுதிய 99 விடைமடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. தமிழரின் எண்ணங்களைத் தமிழர் வாயிலாகவே ஐரோப்பியர் அறிய அவை துணை செய்தன.

கேட்பாரைத் தேடிய அவர் குழந்தைகளை மறக்கவில்லை. உணவும் உறைவிடமும் தந்து பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தார். 1707ஆம் ஆண்டிலேயே பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கினார். எளியோர்க்குப் பரிந்து பேசவும் அவர் அஞ்சவில்லை. கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காக வாதாடியமையால் கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளானார். 1708ஆம் ஆண்டின் இறுதியில் சிறையிடப்பட்டு, நான்கு திங்கள் தனிமையில் வாடினார். விடுதலை பெற்றதும் விட்ட இடத்திலிருந்தே பணியைத் தொடர்ந்தார்.

ஓலையில் எழுதிப் படியெடுக்க நாள் மிகுதியாகும் என்பதால் அவர் அச்சுப்பொறியை விரும்பினார். தமிழ் எழுத்து அதற்கு முன்பே 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறியிருந்தது. ஆனால் அம்முயற்சி தொடரவில்லை. லண்டன் மாநகர அன்பர்கள் அனுப்பிய பொறியும், ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளும் 1713ஆம் ஆண்டுக்குள் தரங்கம்பாடியை அடைந்தன. அவர் 1708இல் தொடங்கி 1711இல் முடித்த புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு 1715ஆம் ஆண்டில் முழுமையாய் வெளிவந்தது. அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716ஆம் ஆண்டு ஹாலே நகரில் அச்சாயிற்று. தாம் மணலில் விரல்தேய எழுதிக் கற்றதைப் பின்வருவோர் ஏட்டில் எளிதாய்க் கற்க வழிசெய்தார்.

இடையில் ஐரோப்பா சென்று, அங்கே திருமணம் புரிந்துகொண்டு திரும்பிய சீகன்பால்கு, புதிய எருசலேம் என்னும் கோயிலைத் தரங்கம்பாடியில் எழுப்பினார். அது 1718ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆனால் கோபனேகனிலிருந்து பணியை மேற்பார்த்தவர்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் செலவிடுவதைக் கடிந்து மடல்கள் எழுதினர். எதிரிகளின் சிறையைத் தாங்கிய உள்ளம், சொந்தத் துணைவரின் கடுஞ்சொல்லால் நைந்தது. நோயும் முற்றியது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், 36ஆம் வயதில், அவர் மறைந்தார். தாம் எழுப்பிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு அவர் திரட்டிய சபையில் ஏறத்தாழ 250 பேரே இருந்தனர். எண்ணிக்கையால் அளந்தால் அது சிறிது. தமிழ்த் தெய்வ வழிபாடுகளைப் பற்றி 1713ஆம் ஆண்டு அவர் எழுதி முடித்த பெருநூலும் அவர் காலத்தில் அச்சாகவில்லை; 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் வெளிவந்தது. ஆயினும் அன்னாரின் வாழ்வு தோல்வியன்று. ஒரு மக்களுக்குக் கற்பிக்க விரும்புபவர் முதலில் அம்மக்களிடம் கற்றல் வேண்டும் என்னும் உண்மையை அவர் வாழ்ந்து காட்டினார். திண்ணைப் பள்ளியின் மணலில் சிறுவரோடு அமர்ந்த அந்தப் பணிவே அவருடைய பெருமைக்கெல்லாம் அடிப்படையாயிற்று.