மழைக்கடலில் ஒரு மங்கையின் பெயர்

முழுமதியை உற்று நோக்கினால் அதன் வடபகுதியில் கருமையான வட்டம் ஒன்று தென்படும். அதற்கு 'மழைக்கடல்' என்று பெயர். ஆயினும் அங்கே ஒரு துளி நீரும் இல்லை. ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன் மாபெரும் விண்பாறை ஒன்று மோதியதால், 1,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள பள்ளம் அங்கு உண்டாயிற்று. பின்னர் எரிமலைக் குழம்பு பொங்கி அதனை நிரப்பியது. அக்கருஞ் சமவெளியின் மேற்குப் பகுதியில் 13 கிலோமீட்டர் அகலமுள்ள சிறு குழி ஒன்று கரோலின் ஹெர்ஷல் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அம்மையார் 1750ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் படையில் இசைக் கலைஞராகப் பணியாற்றியவர். பத்து வயதில் கண்ட கொடிய காய்ச்சலால் அம்மையாரின் வளர்ச்சி குன்றியது. அவரது உயரம் நான்கடியைச் சிறிதே தாண்டியது. பெண்ணுக்கு வீட்டு வேலையே போதுமென்று அன்னையார் கருதினார். தந்தையாரோ அன்னை அறியாமல் சிறிது கற்பித்தார்.

1772இல் அண்ணன் வில்லியம் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளப் பணம் தருவதாக ஒப்புக்கொண்ட பின்னரே அன்னையார் இசைந்தார். அங்கு அம்மையார் இசை, ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றைக் கற்றார். தொலைநோக்கியின் ஆடியை மெருகேற்றும்போது அண்ணனால் கையெடுக்க இயலாது. அவ்வேளையில் தங்கையே உணவு ஊட்டினார். இரவில் அண்ணன் கண்டு கூறியவற்றை எழுதினார். பகலில் அவற்றைக் கணக்கிட்டார்.

1786 ஆகஸ்ட் 1ஆம் நாள், அண்ணன் வெளிநாடு சென்றிருந்த வேளையில், அம்மையார் தாமே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1797க்குள் அவ்வாறு எட்டினைக் கண்டார். 1787 முதல் ஆங்கில அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார்.

1822இல் அண்ணன் மறைந்ததும் அவர் ஹனோவர் திரும்பினார். அங்கு ஏறத்தாழ 2,500 விண்முகில்களையும் விண்மீன் கூட்டங்களையும் வரிசைப்படுத்தி, அண்ணன் மகன் ஜானுக்கு அளித்தார். அதற்காக 1828இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். அடுத்து ஒரு பெண்மணி அதனைப் பெற்றது 1996இல்தான்! 1848 ஜனவரி 9ஆம் நாள், தமது 97ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார்.

திங்களில் வில்லியம், ஜான் ஆகியோர் பெயரிலும் பள்ளங்கள் உள்ளன. ஜானின் பெயருடையது 165 கிலோமீட்டர் அகலமுள்ள, சிதைந்த தொன்மையான பள்ளம். அம்மையாருடையதே மூன்றிலும் சிறியது. ஆயினும் அப்பெயர் அங்கு எளிதில் ஏறிவிடவில்லை. வீட்டு வேலையைக் காரணங்காட்டிப் பெண்மக்களின் படிப்பை நிறுத்த எண்ணும் பெற்றோர், அந்தச் சின்னஞ்சிறு குழியை ஒருகணம் நினைத்தல் நலம்.