வடலூரும் சிவகாசியும்

1899-ம் வருஷம் சிவகாசியில் ஆலயப் பிரவேச உரிமையின் பொருட்டு மூண்ட கலகத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. ஆண்டவன் சந்நிதியில் யார் நிற்கலாம் என்பதே வழக்கு. அதற்கு 27 வருஷங்களுக்கு முன்னரே வடலூரில் ஒரு தமிழ்ப் பெரியார் இவ்வழக்குக்கு விடை கண்டிருந்தார்.

அவரே இராமலிங்க அடிகள். 1823-ல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, கந்தகோட்டத்து முருகனையும் ஒற்றியூர் ஈசனையும் பாடிப் பரவியவர். சைவத்தில் ஊறிய அவ்வுள்ளம் சாதி சமயம் கடந்த பொது நெறியை நாடிற்று. 1865-ல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867-ல் வடலூரில் தருமசாலை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1872-ல் சத்திய ஞான சபையை எழுப்பினார். அங்கே விக்கிரகம் இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஜோதி ஒன்றே.

சபைக்குள் புகுவோரிடம் அவர் குலம் கேட்கவில்லை. கொலையும் புலாலும் நீத்தனரா என்றே கேட்டார். தருமசாலையிலோ அதனையும் கேட்கவில்லை. பசித்து வந்தவன் எவனாயினும் அவனுக்குச் சோறு உண்டு. வழிபாட்டுக்கு ஒழுக்கம் வேண்டும். பசி தீர்ப்பதற்கு நிபந்தனை கூடாது. இதுவே அவர் வகுத்த அறம்.

அவருடைய பாடல்கள் அருட்பா அல்லவென்று மறுத்த பண்டிதரும் இருந்தனர். தம் நெறியை முற்றும் பற்றியவர் சிலரே என்ற துயரமும் அவருக்கு இருந்தது. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறை புகுந்து தாழிட்டுக்கொண்டார். பின்னர் அவரைக் கண்டவர் இல்லை.

ஆலயக் கதவுகளைப் பிற்காலத்தில் சட்டம் திறந்துவிட்டது. மனக் கதவைத் திறக்கும் பொறுப்பு நம்முடையது. தைப்பூசத்தன்று ஜோதி கண்டு ஊர் திரும்பியதும் பந்தியில் குலம் பார்ப்போமாயின், சிவகாசி நமக்கு ஒன்றுமே கற்பிக்கவில்லை என்பதே பொருள்.