சிறு கடல் அமைத்த பெரியார்: பிலிப்பு ஹென்றி காஸ்

நிலவுலகை வென்று முடி சூடிய வேந்தர்தம் வரலாறுகளை நாம் பள்ளிப் பருவந்தொட்டுப் படித்து வருகின்றோம். ஆனால், அலை வடிந்த பாறையிடுக்கிலே தேங்கி நிற்கும் ஒரு சிறங்கை நீரின் முன் முழந்தாளிட்டு, அதனுள் வாழும் சிற்றுயிர்களை நாள்தோறும் நோக்கி, அவற்றின் வாழ்க்கையை உலகறியச் செய்த ஒருவர் வரலாற்றைப் படித்தார் மிகச் சிலரே. இன்று செல்வர் மனைகளிலும் மருத்துவர் கூடங்களிலும் கண்ணாடித் தொட்டிக்குள் வண்ண மீன்கள் உலவுவதைக் காண்கின்றோம். அத்தொட்டிக்கு அக்குவேரியம் என்னும் பெயர் வழங்கச் செய்தவரும், கடல்நீரைத் தொட்டியிலடைத்துக் கெடாது காக்கும் முறையை எளிய மக்களும் அறிய எழுதியவரும் பிலிப்பு ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலப் பெரியாரே. அவர்தம் வாழ்க்கையை நம் கல்லூரி அன்பர்க்குச் சுருக்கி உரைப்பதே நம் கருத்து.

பிறப்பும் இளமையும்

காஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள் இங்கிலாந்தில் வூஸ்டர் என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவப் படங்கள் எழுதிப் பிழைக்கும் ஓவியர். வருவாய் குறைவு, வறுமையோ நிறைவு. மைந்தர் குழந்தையாயிருக்கும்போதே குடும்பம் பூல் என்னும் துறைமுகத்திற் குடியேறியது. ஆங்கிருந்த அவர்தம் அத்தையார் சிற்றுயிர்களிடத்து விருப்பமுடையவர். கடற்கரைக் கற்களில் மலர்போல் விரிந்து நிற்கும் கடற்சாமந்தி என்னும் உயிரைச் சிறுவருக்குக் காட்டி, கடல்நீர் நிறைந்த ஒரு பாத்திரத்தில் அதனை இட்டு வைத்துப் பார்க்கலாமே என்று அறிவுறுத்தியவர் அவரே. தந்தையார் கைத்தொழிலிலிருந்து நுண்ணிய ஓவியத் திறமையும், அத்தையார் அன்பிலிருந்து உயிர்நூல் ஆர்வமும் பெற்ற அச்சிறுவர் பின்னாளில் அவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டினார்.

கடல் கடந்த வாழ்வு

பள்ளிப் படிப்பு நீடிக்க இயலாமையால் காஸ் இளமையிலேயே வணிகர் கணக்குச் சாலையிற் புகுந்தார். 1827-இல், தமது 17-ஆம் வயதில், நியூபவுண்டுலாந்துத் தீவிலுள்ள கார்போனியர் என்னும் ஊருக்குக் கணக்கராக அனுப்பப்பட்டார். கொடுங்குளிரும் மீன்வாடையும் நிறைந்த அவ்வூரில், பகலெல்லாம் பேரேட்டுடன் போராடிய அவர், ஓய்வு நேரத்தில் பூச்சிகளைத் தேடித் திரிந்தார். 1832-இல் நுண்ணோக்கியைப் பற்றிய பழைய நூலொன்றை விலைக்கு வாங்கினார். அன்றுதொட்டு அவர் வாழ்வின் போக்கு மாறியது.

1835-இல் கனடாவிற் பயிர்த்தொழில் தொடங்கினார். மூன்றாண்டு உழைத்தும் விளைவு கைகூடவில்லை. 1838-இல் அமெரிக்காவின் அலபாமா நாட்டிற் பள்ளியாசிரியரானார்; ஆங்கு அடிமைகள் பட்ட துயரைக் கண்டு மனம் பொறாது சில திங்களிலேயே தாயகம் மீண்டார். 1844 முதல் 1846 வரை ஜமெய்க்காத் தீவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியில் தமக்குத் துணைநின்ற கறுப்பின இளைஞர் சாமுவேல் காம்ப்பெல் என்பார் உதவியைத் தம் நூலில் மறவாது பாராட்டினார். கல்லூரி வாயிலை மிதியாதவர் காஸ். எனினும் 1856-இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. கல்வி நிலையத்தினுள் அமர்ந்திருக்கும் நம்மனோர்க்கு இது சிந்திக்கத்தக்கதன்றோ?

சிறு கடல்

1848-இல் காஸ் எமிலி என்னும் குணவதியாரை மணந்தார். அடுத்த ஆண்டில் எட்மண்டு என்னும் மைந்தர் பிறந்தார். இரவும் பகலும் எழுத்து வேலையில் உழன்றமையால் காஸின் உடல் நலம் குன்றியது. 1852-இல் மருத்துவர் சொற்படி டெவன்ஷயர்க் கடற்கரை சென்றார். நோய் தீரச் சென்றவர் நூல் எழுதத் திரும்பினார் என்னலாம். பாறைக் குட்டைகளிற் கண்ட உயிர்களை ஊருக்குட் கொணர்ந்து உயிரோடு வைத்துக் காண்பதெங்ஙனம் என்பதே அப்போது அவர் உள்ளத்தைக் கவர்ந்த வினா.

இவ்வினாவை எழுப்பியவர் அவர் ஒருவரே அல்லர். அன்னா தின் என்னும் பெருமாட்டியார் 1846 முதலே இலண்டனிற் பவள உயிர்களைக் கடல்நீரில் வளர்த்தார். நீரிற் காற்றுக் கலத்தற்பொருட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அதனை மாற்றி மாற்றி ஊற்றுவித்தார். பின்னர்க் கடற்பாசியையும் உடனிட்டார். வாரிங்டன் என்னும் வேதியியற் புலவர், நன்னீர்த் தொட்டியில் மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி வாழ்தலை 1850-இல் விளக்கினார். உயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவைச் செடிகள் ஏற்கின்றன. ஒளியின் துணையால் செடிகள் வெளியிடும் பிராணவாயுவை உயிர்கள் ஏற்கின்றன. கொடுக்கல் வாங்கல் ஒத்திருக்கும் வரை நீர் கெடுவதில்லை. இவ்வுண்மையைக் கடல்நீருக்கு இயைத்து, தாமே பலகாற் செய்து பார்த்து, எவரும் பின்பற்றத்தக்க முறையாக்கித் தந்தமையே காஸின் தொண்டு.

அவர் வகுத்த முறை எளிது. ஆனால் பொறுமையை வேண்டுவது. முதலில் தூய கடல்நீரை ஆற்றுமுகத்துக்கு அப்பாலிருந்து கொள்ளல் வேண்டும். அடுத்து, சிறு கற்களோடு பெயர்த்த பசும்பாசியை இடல் வேண்டும். பாசி வேலை செய்யத் தொடங்கிச் சில நாள் கழிந்த பின்னரே உயிர்களை விடல் தகும். வெயில் வறிதே ஆவிமிகச் செய்யாதவாறு ஒளியை அளவாக்கி, தொட்டியைக் கண்ணாடிப் பலகையால் மூடல் வேண்டும். நீர் ஆவியாகக் குறையினும் உப்பு அங்ஙனம் குறையாதாகலின், குறையை நன்னீர் கொண்டே நிரப்பல் வேண்டும். இறந்த உயிரை உடனே அகற்றல் வேண்டும். ஒரு பிணம் தொட்டி முழுவதையும் சுடுகாடாக்கிவிடும்.

கடலுக்குச் சேய்மையில் வாழ்வார் யாது செய்வர்? அவர்க்காக 1854-இல் செயற்கைக் கடல்நீர் செய்யும் அளவையும் காஸ் வெளியிட்டார். உணவு உப்பு மூன்றரை அவுன்சு, பேதியுப்பு கால் அவுன்சு, மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். இவற்றை நான்கு குவார்ட்டுக்குச் சிறிது குறைந்த நீரிற் கரைத்தல் வேண்டும் என்பது அவர் கணக்கு. உள்நாட்டு ஊர்களிலும் கடலுயிர் வளர்க்க அது வழி திறந்தது.

1853-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் விலங்கியற் சோலையில் மீன் மனை திறக்கப்பட்டது. வேமத் கடற்கரையிலிருந்து அதற்கு உயிர்களைத் திரட்டி அனுப்பினார் காஸ். 1854-இல் அக்குவேரியம் என்னும் பெயரோடு அவரது நூல் வெளிவந்தது. அதன் வண்ணப் படங்கள் மக்களை மயக்கின. இலத்தீன் மொழியிற் கால்நடைகள் நீருண்ணும் துறையைக் குறித்த பழஞ்சொல், அவர் கையால் புதுப்பொருள் பெற்று உலகெங்கும் பரவிற்று. 1855-இல் சிறு கைநூலொன்றும் வெளியிட்டார். 1909-இல் நம் சென்னைக் கடற்கரையிலும் கடல் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இன்று அது இல்லையேனும், காஸ் இட்ட விதை எத்துணைத் தொலைவு வந்து முளைத்தது என்பதற்கு அது சான்றாகும்.

அவர் அறியாததொன்றை இன்று நாம் அறிவோம். மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகின்றது. கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருகுதற்குச் சில வாரங்கள் செல்லும். புதுத் தொட்டியில் உடனே மீன்களை நிரப்புவோர் அவற்றை இழப்பது இதனாலேயே. பாசியின் பொருட்டுக் காத்திருக்குமாறு காஸ் கூறினார். நுண்ணுயிரின் பொருட்டுக் காத்திருக்குமாறு இக்கால அறிஞர் கூறுகின்றனர். காரணம் விரிந்தது, பொறுமை என்னும் விதி மாறவில்லை.

உயிர்களின் இயல்பு

தொட்டியை அழகுப் பொருளாகக் கொள்ளாது பாடநூலாகக் கொண்டவர் காஸ். கண்ணாடியிற் படரும் பாசியைக் கடல் நத்தை மேய்வதைக் கண்டார். அதன் நாவை நுண்ணோக்கியில் வைத்து, வரிசை வரிசையாக அமைந்த பற்களைக் கண்டு வியந்தார். அது மேய்ந்து சென்ற தடம், உழவர் அரிவாளால் புல்லறுத்துச் சென்ற தடம் போன்று அவருக்குத் தோன்றியது.

சங்குக் கூட்டிற் குடிபுகும் துறவி நண்டு ஒன்றையும், அதன் கூட்டைப் போர்வைபோல் சூழ்ந்து வாழும் கடற்சாமந்தி ஒன்றையும் அவர் வளர்த்தார். நண்டு வளர, பழைய கூடு போதாதாயிற்று. பெரிய கூடொன்றை அருகிலிட்டார், நண்டு குடிபெயர்ந்தது. நண்பனை அது கைவிடுமோ என்று நோக்கியிருந்தார். நண்டோ தன் கொடுக்குகளாற் கடற்சாமந்தியைப் பற்றி, புதுக் கூட்டின்மேல் அழுத்திப் பிடித்து, அது ஒட்டிக்கொள்ளுமளவும் உதவியது. மனிதர் மனைமாறும்போது பழந்துணைவரை மறத்தல் உண்டு, இந்நண்டு மறக்கவில்லை.

மீன்களிடத்தும் இத்தகைய பொறுமையே வேண்டும். உளுவை, சிறு மடவை போன்ற சிறு மீன்களே தொட்டிக்குத் தக்கவை என்றார் காஸ். புதிதாக விடப்பட்ட மீன் கல்லிடுக்கில் ஒளியும், நிறம் வெளுக்கும், இரையை நாடாது. அறியாதார் அதனை நோயெனக் கருதி, கையிட்டு அலைத்து மேலும் அச்சுறுத்துவர். அறிந்தார் ஒளியைக் குறைத்து, மறைவிடம் அளித்து, ஓரிரு நாள் காத்திருப்பர். முன்னரே குடியிருக்கும் மீன் புதியதைத் துரத்துவதும் உண்டு. தன் எல்லையைக் காப்பதே அதன் கருத்து. கற்களை இடம் மாற்றி வைப்பின் பழைய எல்லை குலைந்து சண்டை தணியும். உயிரொன்றின் செயலுக்கு நம் மனத்தாற் பொருள் காணாது, அதன் வாழ்விடத்தாற் பொருள் காண்டல் வேண்டும். காஸ் உலகுக்குக் காட்டிய நெறி இதுவே.

துன்பமும் சோதனையும்

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1857-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எமிலி அம்மையார் புற்றுநோயால் இறந்தார். எட்டாண்டும் நிரம்பாத மைந்தரோடு காஸ் டெவன்ஷயரின் புனித மேரிசர்ச்சுக்குக் குடிபெயர்ந்தார்.

அவ்வாண்டே ஓம்பலோஸ் என்னும் நூலை வெளியிட்டார். வேதாகமத்தை எழுத்துப்படி நம்பிய அவர், பாறைகள் காட்டும் நெடுங்காலத்தை அதனோடு பொருத்த முயன்றார். மரம் படைக்கப்படும்போதே உள்வளையங்களோடு படைக்கப்பட்டிருக்கும். அவ்வாறே உலகமும் பழமைக் குறிகளோடு படைக்கப்பட்டது என்பது அவர் வாதம். அறிவியலாரும் ஏற்கவில்லை, சமயத்தாரும் ஏற்கவில்லை. அவரை முன்பு மனமாரப் புகழ்ந்த சார்லஸ் கிங்ஸ்லி என்னும் குருவானவரே, இறைவன் பாறையிற் பொய்யெழுதினான் என்று தம்மால் நம்ப இயலாது எனக் கடிதம் விடுத்தார். கிறிஸ்தவராகிய நாம் இதனை மறைக்க வேண்டுவதில்லை. கண்டதை உள்ளபடி எழுதுவதில் நிகரற்ற அவர், காணாததை வாதத்தால் நிறுவப் புகுந்தபோது தவறினார். எனினும் சோர்ந்திலர். 1858 முதல் 1860 வரை பிரிட்டானியக் கடற்சாமந்திகளைப் பற்றிய பெருநூலை எழுதி முடித்தார். படங்களைத் தம் கையாலேயே தீட்டினார். 1860-இல் எலைசா என்னும் அம்மையாரை மறுமணம் புரிந்தார்.

கரைக்கு நேர்ந்த கேடு

காஸின் வாழ்விற் பெருந்துயர் யாது என்று வினவின், ஓம்பலோஸின் வீழ்ச்சி மட்டுமன்று என்போம். அவர் நூல்களைப் படித்தவர் கூட்டங் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தனர், உளியும் சுத்தியும் கொண்டு பாறைகளைப் பிளந்தனர், கூடைகளை நிரப்பினர். அவ்வுயிர்களிற் பல வழியிலேயே மடிந்தன. நெடுங்காலம் எவரும் தீண்டாது பூத்திருந்த பாறைக் குட்டைகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தாம் காட்டிய அழகே அவ்வழகின் அழிவுக்குக் காரணமாயிற்றெனக் கண்டு தந்தையார் வருந்தியதை மைந்தர் எட்மண்டு 1907-இல் தாம் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். உளியை முதலிற் கையாண்டு காட்டியவரும் காஸே என்பதை நாம் நினைத்தல் வேண்டும். ஆயினும் அவர் ஓர் உயிரை எடுத்தது பலநாள் நோக்குதற்கு. பின்வந்தோர் எடுத்ததோ ஒருநாள் காட்டுதற்கு.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ஆம் நாள், தமது 78-ஆம் வயதில், காஸ் இவ்வுலக வாழ்வு நீத்தார். நெய்தல் நிலத்து அலவனையும் அடும்பையும் நம் பண்டைப் புலவர் பாடிவைத்த தமிழைப் பயிலும் நாம், அவ்வுயிர்களைக் கண்ணாற் கண்டதுண்டோ? காண விரும்புவோர் காஸின் பொறுமையைக் கைக்கொள்க. சிறு தொட்டி அமைக்க விழைவோர், நீர் தகுதிபெறுமளவும் காத்திருக்க; ஓரிரு மீன்களோடு அமைக; பிடித்தலினும் நோக்கலே பெரிதெனக் கொள்க. குட்டையில் உள்ளதைக் குட்டையிலேயே விட்டுக் கண்டு மகிழ்வார், தம் பின்வருவார்க்கும் அம்மகிழ்ச்சியை விட்டுச் செல்வர்.