கேரி கில்டால் போட்ட கோடு

கேரி கில்டாலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஐபிஎம் நிறுவனத்தார் தேடி வந்த நாளில் விமானம் ஓட்டப் போய், பெரிய வாய்ப்பைக் கோட்டைவிட்டவர் என்ற கதைதான் முதலில் வரும். கணினியியல் படிக்கும் எனக்கும் அவர் அப்படித்தான் அறிமுகமானார். அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று இப்போது நினைக்கிறேன்.

1942இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்தவர் கில்டால். அவருடைய குடும்பம் கப்பல் செலுத்தக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்தியது. 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், கலிபோர்னியாவின் மாண்டரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அப்போதுதான் இன்டெல் 4004 என்ற சின்னஞ்சிறு சிப் அவர் கைக்கு வந்தது. அறை அளவுக் கணினிகளின் காலத்தில், அந்தச் சிப்பை வைத்து மேசைமேல் ஒரு கணினி செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

1974இல் சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். இன்டெல் அதை விற்க முன்வரவில்லை. மனைவி டோரதியுடன் சேர்ந்து தாமே நிறுவனம் தொடங்கினார்.

விற்பனை பெருகியபோது ஒரு தலைவலியும் வந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியிலும் நெகிழ்வட்டைப் படிக்கும் மின்சுற்று வேறு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஐம்சாய் நிறுவனமும் சிபி/எம் கேட்டபோது கில்டால் ஒரு கோடு போட்டார். வன்பொருளை நேரடியாகத் தொடும் வேலைகளையெல்லாம் தனியே பிரித்து, அந்தப் பகுதிக்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். வெளிநாடு போகும்போது நாம் அடாப்டரை மட்டும் மாற்றிக்கொள்கிறோமே, அதுபோல! கணினி மாறினால் பயாஸை மட்டும் மாற்றினால் போதும். கோட்டுக்கு மேலே உள்ளது அப்படியே ஓடும்.

1980இல் ஐபிஎம் வந்தது. அன்று கில்டால் விமானத்தில் போனது உண்மை. ஆனால் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கத்தான் போனார். வணிகப் பேச்சுகளை வழக்கமாகக் கவனித்தவர் டோரதி. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் சிக்கல் எழுந்து, பேச்சு கைகூடவில்லை. சிபி/எம்மை மாதிரியாகக் கொண்டு வேறொருவர் எழுதியிருந்த இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. பிறகு கில்டாலின் இயங்குதளத்தையும் ஐபிஎம் விற்றது. ஆனால் 240 டாலருக்கு. மற்றது 40 டாலர். மக்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

இருந்தாலும் அவர் போட்ட கோடு நிலைத்தது. மடிக்கணினிகள் வந்ததும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதும் கோட்டுக்குக் கீழே உள்ள ஃபர்ம்வேரின் வேலையானது. 1992இல் வந்த ஏபிஎம் முறையில் அதைப் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொண்டது. 1996இல் வந்த ஏசிபிஐ முறையில் பொறுப்பு மேலே, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் போனது. எந்தப் பாகத்தை எப்படித் தூங்கவைத்து எழுப்புவது என்ற சிறு நிரல்களை ஃபர்ம்வேர் கொடுக்கும். கெர்னல் அவற்றை இயக்கும்.

என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டபோது இந்த இடத்தில்தான் தகராறு. மூடித் திறந்தால் திரை எழவே இல்லை. கெர்னலின் பதிவேட்டைப் பார்த்தேன்: ஏசிபிஐ பிழை என்று வரிசையாக வரிகள், கூடவே பயாஸ் என்ற கில்டாலின் சொல். துருவிப் படித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. எந்த இயங்குதளம் என்று ஃபர்ம்வேர் கேட்டால், லினக்ஸ் கெர்னல் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது! பல நிறுவனங்கள் விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டுக் கணினியை விற்பதால், அந்தப் பெயரைச் சொன்னால்தான் நன்கு சோதிக்கப்பட்ட வழி கிடைக்கும். கடைசியில் புதிய ஃபர்ம்வேரை ஏற்றியதும் என் கணினி விழித்தது. மேலே இருப்பது யார் என்று கீழே கேட்கும் நிலை வரும் என்று கில்டால் நினைத்திருப்பாரா?

அவருடைய நிறுவனத்தை 1991இல் நோவெல் வாங்கியது. 1994 ஜூலை 11 அன்று, தலையில் பட்ட காயத்தால், 52 வயதில் மாண்டரேயில் இறந்தார். 2014இல், பசிபிக் குரோவில் அவருடைய பழைய அலுவலகத்தின் முன் சிபி/எம்முக்காக ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.