நிலம் மீட்ட பாட்டியார்

பூகோள வகுப்பில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் படத்தை நாம் விரிக்கும்போது, அதன் தென்கோடியில் மிகச் சிறிய நாடு ஒன்று தென்படும். மூன்று புறமும் தென்னாப்பிரிக்காவும், கிழக்கே மொசாம்பிக்கும் அதனைச் சூழ்ந்துள்ளன. முன்பு சுவாசிலாந்து என்றும், 2018-ஆம் ஆண்டு முதல் எஸ்வாட்டினி என்றும் வழங்கும் அந்நாடு, இன்று தனக்கென ஓர் அரசும் மண்ணும் உடையதாய் நிற்கின்றது. அதற்காகத் தம் வாழ்நாளையே ஈந்தவர்களுள் ஒரு மூதாட்டி முதன்மையானவர். லபோட்சிபேனி என்னும் அந்த அம்மையாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

லபோட்சிபேனி ஏறத்தாழ 1859-ஆம் ஆண்டில் முட்லூலி என்னும் குலத்தில் பிறந்தார். தந்தையை இழந்தபின் அரண்மனையிலே வளர்ந்தார். அங்கே மஸ்வாட்டி மன்னரின் தாயாரான சாண்ட்சிலே அம்மையாருக்குப் பணிவிடை செய்துவந்தார். அவர் எழுத்து படித்ததில்லை. ஆனால் வழக்குகள் எவ்வாறு விசாரிக்கப்படுகின்றன, பெரியோர் அவையில் எவ்வாறு பேசுகின்றனர் என்பதையெல்லாம் அருகிருந்து கற்றுக்கொண்டார். பின்னர் பண்ட்செனி மன்னருக்கு மனைவியருள் ஒருவரானார். மூன்று ஆண் மக்களும் ஒரு பெண்ணும் அவருக்குப் பிறந்தனர்.

சுவாசி மக்களின் அரசியல் மரபு நாம் அறிந்துகொள்ளத் தக்கது. அங்கே அரசன் தனித்து ஆள்வதில்லை. அரசனைச் சிங்கம் என்று பொருள்படும் இங்வென்யாமா என்றும், அவன் தாயைப் பெண் யானை என்று பொருள்படும் இண்ட்லோவுகாட்டி என்றும் அழைப்பர். இருவரும் சேர்ந்தே ஆட்சி நடத்துவர். ஒருவர் தவறினால் மற்றவர் கண்டிக்கலாம். ஆகவே புதிய அரசனைத் தெரிந்தெடுக்கும்போது, பிள்ளையைவிட அவன் தாய் எத்தகையவள் என்பதையே பெரியோர் முதலில் எடைபோடுவர்.

பண்ட்செனி மன்னர் நல்லவர். ஆனால் அவர் காலத்தில் நாட்டுக்குப் பெருங்கேடு நேர்ந்தது. பொன்னும் புல்வெளியும் தேடிவந்த வெள்ளையர் அவரிடம் காகிதங்களை நீட்டினர். தமக்கு வாசிக்கத் தெரியாத அக்காகிதங்களில் அவர் ஒப்பமிட்டார். மேய்ச்சல் உரிமை, விளைநில உரிமை, சுரங்க உரிமை என்று தொடங்கி, சுங்கம் தண்டும் உரிமை, மன்னரின் சொந்த வருவாயை வாங்கும் உரிமை வரையில் அனைத்தும் எழுதிக் கொடுக்கப்பட்டன. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமைச் சீட்டு வைத்திருந்தனர். 1889-ஆம் ஆண்டில் மன்னர் இறந்தபோது, நாட்டின் பெரும்பகுதி காகிதத்தின்படி அந்நியர் வசமாகியிருந்தது.

அடுத்த அரசனைத் தேர்ந்தனர். அரசனுக்கு உடன்பிறந்த சகோதரர் இருக்கலாகாது என்பது மரபு. லபோட்சிபேனிக்கோ மூன்று ஆண் மக்கள்! ஆயினும் அவருடைய அறிவையும் ஆற்றலையும் கண்டு, அவர் மகன் பூனுவையே பெரியோர் தெரிந்துகொண்டனர். 1895 முதல் டிரான்ஸ்வால் போயர் குடியரசு நாட்டின் நிர்வாகத்தைக் கைக்கொண்டது. அந்தக் கொந்தளிப்பான ஆண்டுகளுக்குப் பின், 1899 டிசம்பரில் பூனு இளவயதிலேயே இறந்தார். அவருடைய மகன் சோபுசாவுக்கு அப்போது ஐந்து மாதம்கூட நிறையவில்லை. அக்குழந்தையே அரசன் என்று முடிவாயிற்று. அது வளரும்வரை நாட்டை ஆளும் பொறுப்பு பாட்டியின் தோள்மேல் விழுந்தது. கணவரை இழந்தவர், மகனையும் இழந்தார். அழுதுகொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

அவ்வேளையில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் பெரும்போர் மூண்டிருந்தது. இரண்டு யானைகள் சண்டையிட்டால் நசுங்குவது புல்தான் என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். தம் மக்கள் எப்பக்கமும் சேர்ந்து அழியாதபடி விழிப்புடன் காத்தார். 1902-இல் போர் முடிந்தது. மறு ஆண்டே நாடு ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. பழைய உரிமைச் சீட்டுகளை அவர்கள் தள்ளிவிடுவர் என்று சுவாசி மக்கள் நம்பினர். நடந்ததோ வேறு. 1907-ஆம் ஆண்டு வெளியான பிரகடனத்தின்படி நாடு கூறுபோடப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதுவும் அங்குமிங்குமாகச் சிதறிய துண்டுகளாக, சுவாசி மக்களுக்கு விடப்பட்டது. எஞ்சிய நிலத்தில் குடியிருந்தோர் 1914-க்குப் பின் நிலக்காரரின் தயவில் இருக்கவேண்டும், அல்லது வெளியேறவேண்டும் என்றாயிற்று.

தலைமுறை தலைமுறையாகத் தம் முன்னோரைப் புதைத்த மண்ணிலேயே அவர்கள் அந்நியராயினர். இந்நிலையில் நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? ஈட்டி ஏந்திப் போரிட்டால் துப்பாக்கிக்கு இரையாக வேண்டியதுதான். அம்மையார் முதலில் முறையீட்டு வழியை நாடினார். தம் மகன் மாலுங்கேயின் தலைமையில் 1907-ஆம் ஆண்டிலேயே லண்டனுக்குத் தூதுக்குழு அனுப்பினார். அதிகாரிகளுக்கு மடல்மேல் மடல் எழுதச்செய்தார். பலன் கிட்டவில்லை. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. வெள்ளையரின் வலிமை பணத்திலும் புத்தகத்திலும் இருக்கின்றது என்று கண்டார். அந்த இரண்டையும் தம் மக்களும் அடையவேண்டும் என்று துணிந்தார்.

பணத்துக்காக ஒரு தேசிய நிதியை ஏற்படுத்தினார். இளைஞர்கள் ஜோஹன்னஸ்பர்க் பகுதித் தங்கச் சுரங்கங்களில் உழைத்துக் கொணர்ந்த கூலியில் ஒரு பகுதி அந்நிதியில் சேர்ந்தது. அந்தப் பணத்தைக்கொண்டு, பறிபோன நிலங்களை விலைகொடுத்து வாங்கத் தொடங்கினார். தம்முடைய நிலத்தையே தாம் விலைக்கு வாங்குவதா என்று மனம் புழுங்கியவர் பலர். பூமிக்கடியில் இருளில் உழைத்த பிள்ளைகளுக்கு அந்த வரி பெருஞ்சுமைதான். அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அவ்வாறு வாங்கிய ஒவ்வொரு துண்டு நிலமும் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரிக்க இடம் தந்தது.

புத்தகத்துக்காகப் பள்ளி திறந்தார். 1906-ஆம் ஆண்டில் சோம்போட்சே என்னும் அரச ஊரில் தேசியப் பள்ளி தோன்றியது. பேரன் சோபுசா அங்கேதான் எழுத்து கற்றான். பின்னர் 1916-இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள லவ்டேல் கல்விச்சாலைக்கு அவனை அனுப்பினார். ஏட்டுக்கல்வி அரசனைத் தன் மரபிலிருந்து பிரித்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சினர். அம்மையாரோ அசையவில்லை. வாசிக்கத் தெரியாத ஓர் அரசன் இட்ட ஒப்பத்தால் நாடு பட்ட பாட்டை அவர் மறந்தாரில்லை. 1912-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் தோன்றிய அபாந்து பாத்தோ என்ற செய்தித்தாளுக்கும் பொருளுதவி செய்தார். தாம் படிக்காதவராயிருந்தும், பிறர் படிக்கும்படி பத்திரிகைக்குப் பணம் கொடுத்த அந்த உள்ளத்தை என்னென்று சொல்வோம்!

துன்பம் அவரை விட்டபாடில்லை. வலக்கையாய் இருந்த மாலுங்கே 1915-இல் இறந்தார். அப்போதும் அம்மையார் நிமிர்ந்தே நின்றார். உறுதியாக நிற்பவர் என்னும் பொருளில் குவாமிலே என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தது முற்றிலும் பொருத்தமே.

1921 டிசம்பரில் அவர் ஆவலோடு காத்திருந்த நாள் வந்தது. இருபத்திரண்டு வயது இளைஞரான சோபுசாவிடம் ஆட்சியை ஒப்படைத்தார். ஆங்கில அதிகாரிக்கு எழுதச்செய்த மடலில், கனவு நனவானது போன்ற மகிழ்ச்சியைத் தெரிவித்தார். கணவர் இறந்த நாள்முதல் முப்பத்திரண்டு ஆண்டுகள் பொறுப்பும் கவலையும் தம்மை அழுத்தியதையும் நினைவுகூர்ந்தார். தாமாகவே அதிகாரத்தைக் கைவிட்டு விலகி நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்? நான்கு ஆண்டுகள் கழித்து, 1925 டிசம்பரில் அவர் கண்மூடினார்.

நிலத்துக்காகச் சோபுசா தொடுத்த வழக்கு 1926-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றது. ஆனால் பாட்டி காட்டிய வழி தோற்கவில்லை. நிலம் மீட்கும் பணி தொடர்ந்தது. 1968 செப்டம்பர் 6-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, பாதிக்கும் மேற்பட்ட நிலம் சுவாசி மக்களிடம் திரும்பியிருந்தது. அன்று அரசராயிருந்தவர் அதே சோபுசா. 1982-இல் இறக்கும்வரை அவரே ஆண்டார்.

அன்பு மாணவியரே, நாம் படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால், தான் படிக்க வாய்ப்பின்றி நம்மைப் படிக்கவைக்கும் ஒரு தாயோ பாட்டியோ பல வீடுகளில் இருக்கின்றார். குவாமிலே அம்மையாரை எண்ணும்போது அவர்களையும் எண்ணுவோம். எந்தக் காகிதத்திலும் வாசித்தறிந்த பின்னரே ஒப்பமிடுவோம். வாசிக்கத் தெரியாதவர்க்கு நாம் வாசித்துக் காட்டுவோம்.