நரம்பின் வேற்றுமை கண்ட கேலன்

யூனானி மருத்துவ நூல்கள் ஜாலீனூஸ் எனப் போற்றும் பேரறிஞரை மேனாட்டார் கேலன் என்பர். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள பெர்காமம் நகரில், கி.பி. 129ஆம் ஆண்டு, நிக்கோன் என்னும் கட்டடக் கலைஞரின் மகனாக அவர் பிறந்தார். ஸ்மிர்னா, கொரிந்து, அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். 157இல் தாயகம் திரும்பி, அரங்கில் பொருதும் வாள்வீரர்களின் மருத்துவரானார். வெட்டுண்ட உடல்களே அவருக்குப் பாடநூல்களாயின எனலாம். 162இல் உரோமாபுரி சென்ற அவர், பின்னர்ப் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியசுக்கு மருத்துவம் பார்க்கும் நிலைக்கு உயர்ந்தார்.

அந்நகரில் அவர் கண்ட நோயாளருள் பாசேனியஸ் என்னும் சொல்வல்லார் ஒருவர். அவருடைய சுண்டு விரலும் மோதிர விரலும், நடுவிரலின் பாதியும் தொடுவுணர்வை இழந்திருந்தன. மருத்துவர் பலர் விரல்களிலேயே மருந்திட்டும் பயனில்லை. கேலன், முன்பு அடிபட்டதுண்டோ என வினவினார். வண்டியிலிருந்து வீழ்ந்தபோது முதுகின் மேற்பகுதி கல்லில் மோதியது தெரியவந்தது. உடனே விரலை விடுத்து, கழுத்தடி முதுகெலும்பில் மருந்திடச் செய்தார். நோயும் நீங்கியது. உணர்வு அற்ற விரல் அசைவது எங்ஙனம் என்று ஏனையோர் வியந்தனர். தோலுக்குச் செல்லும் நரம்பு வேறு, தசைக்குச் செல்லும் நரம்பு வேறு என அவர் விளக்கினார்.

மென்மையான நரம்புகள் உணர்வுக்கும், வன்மையானவை இயக்கத்துக்கும் உரியன என்பது அவர் கொள்கை. எனினும் மனித உடலை அறுத்தாய்வதற்கு அக்காலத்தில் வாய்ப்பில்லை. குரங்கு, பன்றி முதலியவற்றை ஆய்ந்து எழுதியதால் பிழைகளும் புகுந்தன.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் கேலனின் நூல்களைச் சிரியாக், அரபு மொழிகளில் பெயர்த்தனர். அவற்றைக் கற்றுத் தேர்ந்த அர்ராஸி, கேலன் மீதான ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். ஆசானை மதிப்பதும் அவர் கூற்றை ஆராய்வதும் முரணல்ல என்பதை இதனால் உணர்கிறோம்.

1822இல் பிரெஞ்சு அறிஞர் மஜாந்தி, தண்டுவடத்தின் பின்வேர் உணர்வுக்கும் முன்வேர் இயக்கத்துக்கும் உரியது என நிறுவினார். நரம்பிழைகளின் தனித்தனிச் செயல்களைக் கண்டமைக்காக எர்லாங்கர், காசர் என்னும் அமெரிக்கர் இருவர் 1944ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் ஏ, பி, சி என வகுத்த இழைகளுள், தடித்து மெய்லின் உறை பெற்ற ஏ வகையின் விரைவான இழைகள் செய்தியை நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேலாகக் கடத்த வல்லவை. உறையற்று மெலிந்த சி வகையோ நொடிக்கு இரண்டு மீட்டர் அளவையும் எட்டுவதரிது. அடிபட்டவுடன் சுரீரென வலித்து, பின்னர் மெல்ல எரிவது இவ்வேறுபாட்டாலேயே.

நீரிழிவால் பாதவுணர்வு குன்றியவர் தடையின்றி நடப்பார். காலில் ஏறிய முள்ளை மட்டும் அறியார். கால் நடக்கிறது என்பதால் நலமாய் இருக்கிறது என எண்ணுவது பேரிடர். நம் இல்லத்துப் பெரியோரின் பாதங்களை நாள்தோறும் நோக்குவதே, பாசேனியசின் விரல்கள் நமக்குணர்த்தும் பாடமாகும்.